மகளின் பிராக் பயணம்: பயப்பட வேண்டியது நண்பர்களுக்கு அல்ல, விசாவின் கடைசித் தேதிக்கு

கோத்தகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைத்து, கல்விக் கடன் வாங்கி, 23 வயது மகளை ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்துக்கு முதுகலை படிக்க அனுப்பியிருக்கிறார்கள். செப்டம்பரில் போன பெண், டிசம்பர் 12 வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி 14 ஞாயிறு இரவு திரும்புகிற மாதிரி, செக் நாட்டின் பிராக் நகரத்துக்குச் சுற்றுலா போகத் திட்டமிட்டிருக்கிறாள். கூடப் போகிறவர்கள் ஐந்து பேர்: இரண்டு பெண்கள், மூன்று பையன்கள். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே வீடு, மகள் பெயரில், மகளின் கார்டில் பதிவு செய்யப் போகிறார்கள். ரயில் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. அதைத் திருப்பித் தரமாட்டார்களாம்.

அம்மாவின் கேள்விகள் இவை. ஜெர்மனியை விட்டு வெளியே கால் வைத்தால் விசா ரத்தாகிவிடும் என்று குன்னூரில் இருக்கும் தாய்மாமன் சொல்கிறார், உண்மையா? தொலைந்துவிடாமல் இருக்க பாஸ்போர்ட்டை அறையிலேயே பூட்டி வைத்துவிட்டு ஜெராக்ஸ் மட்டும் கொண்டுபோகும்படி மகளிடம் அம்மாவே சொல்லியிருக்கிறார், அது போதுமா? பையன்களோடு ஒரே வீட்டில் தங்கினால் போலீஸ் தொந்தரவு வருமா? முடக்கிய கணக்கில் (மாணவர் செலவுக்காக முன்கூட்டியே கட்டி, மாதாமாதம் விடுவிக்கப்படும் கணக்கு) போட்ட பணத்தை ஊர் சுற்றச் செலவழித்தால் தப்பா? கடைசியாக, பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி இந்தப் பயணத்தைத் தடுக்க முடியுமா? கடிதத்தின் நடுவே, வேறு எதையோ சொல்லும்போது, இரண்டு தகவல்கள் வந்து போகின்றன. மகளின் விசா டிசம்பர் 11-ஆம் தேதி முடிகிறது. குடியிருப்பு அட்டை வாங்குவதற்கான நேரம் ஜனவரி 20-க்குத்தான் கிடைத்திருக்கிறது.

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்டதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் கடிதம் முழுக்க பையன்களைப் பற்றிய பயம். எனக்குப் பயம் கொடுத்தது அந்த இரண்டு தேதிகள். விசா முடிவது வியாழக்கிழமை. ரயில் ஏறுவது வெள்ளிக்கிழமை.

முதலில் அந்த டிசம்பர் 11

இங்கிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு ஜெர்மன் தூதரகம் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தருவது டி வகை தேசிய விசா. அது சில மாதங்களுக்குத்தான். அதற்குள் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் குடியிருப்பு அனுமதிக்கு மாறிக்கொள்ள வேண்டும். அதுதான் பிறகு அட்டையாக வரும். விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்த நாட்டுக் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆவது பிரிவு, 4-ஆவது உட்பிரிவின்படி, அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கருதப்படும். இதற்குச் சான்றாகத் தருகிற தாளை ‘ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்பார்கள். வாயில் நுழையாத பெயர்தான். உங்கள் மகளுக்கு இந்நேரம் பழகியிருக்கும்.

கவனிக்க வேண்டியது, சட்டம் பார்ப்பது விண்ணப்பம் போன தேதியை; நேரில் வரச் சொன்ன தேதியை அல்ல. “ஜனவரி 20-க்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை” என்று மாணவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அப்பாயின்ட்மென்ட் எடுத்ததையே விண்ணப்பமாக எல்லா அலுவலகமும் எடுத்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது. இணையத்திலோ மின்னஞ்சலிலோ தபாலிலோ, அந்த அலுவலகம் ஏற்கிற ஏதோ ஒரு வழியில், ஆவணங்களோடு விண்ணப்பம் டிசம்பர் 11-க்கு முன் போயிருக்க வேண்டும். போனதற்கான உறுதிச் செய்தியும் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று, மருத்துவக் காப்பீட்டுச் சான்று, முடக்கிய கணக்கின் சான்று, முகவரிப் பதிவுச் சான்று, வாடகை ஒப்பந்தம் இவற்றைத்தான் பொதுவாகக் கேட்பார்கள். விசா முடிந்த மறுநாள் விண்ணப்பித்தால், மேலே சொன்ன பாதுகாப்பு தானாக வந்து சேராது. பிறகு அதிகாரியின் கருணையை எதிர்பார்த்து நிற்க வேண்டிவரும்.

ஆகவே மகளிடம் இன்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “விண்ணப்பம் அனுப்பிவிட்டாயா, அனுப்பியதற்கு என்ன வைத்திருக்கிறாய்?” “யார் யார் வருகிறார்கள்” என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

விண்ணப்பம் போயிருந்தால் ஜெர்மனியில் இருப்பதற்கு ஒரு சிக்கலும் இல்லை. வேறு நாட்டுக்குப் போவது வேறு விஷயம். டி விசா நடப்பில் இருக்கும்போது பிற ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளுக்கு, போக உரிமை உண்டு. அட்டை வந்த பிறகும் உண்டு. இடைப்பட்ட இந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு எல்லை தாண்டலாமா என்பதுதான் வழுக்குகிற இடம். அந்த 81-ஆவது பிரிவின் நான்காவது உட்பிரிவுக்கான கட்டத்தில் குறியிட்ட தாள் இருந்தால் ஜெர்மனிக்குள் திரும்ப வரலாம். மூன்றாவது உட்பிரிவுக்கான கட்டத்தில் குறியிருந்தால் அதுவும் கிடையாது. ஆனால் முதல்முறை குடியிருப்பு அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கும் காலத்தில் தருகிற தற்காலிகத் தாளை, குடியிருப்பு அனுமதி என்ற கணக்கிலேயே ஐரோப்பிய எல்லை விதிகள் சேர்ப்பதில்லை. சட்டப் புத்தகத்தை வைத்து இதில் வாதாட இடம் இருக்கிறது. ஓடுகிற ரயிலில், இரவு எட்டு மணிக்கு, ஜெர்மன் மொழித் தாளைப் புரட்டிப் பார்க்கும் செக் போலீஸ்காரரிடம் வாதாட இடம் இல்லை. உங்கள் மகள் விஷயத்தில் அந்தத் தாளே இன்னும் வந்ததாகத் தெரியவில்லை.

அதனால் என் கருத்து: டிசம்பர் 12 அன்று பிராக் போக வேண்டாம். நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல, இந்தக் காரணத்துக்காக. ஒரு வாரம் முன்னே, 5-ஆம் தேதி போய் 7-ஆம் தேதி திரும்பினால் எல்லாம் சட்டப்படி சரி. விசா நடப்பில் இருக்கும். பிராகில் கிறிஸ்துமஸ் சந்தை நவம்பர் கடைசியில் தொடங்கி வழக்கமாக ஜனவரி 6 வரை நடப்பதால் எதையும் தவறவிடப் போவதில்லை. இல்லையென்றால் அட்டை கைக்கு வந்த பிறகு, வசந்த காலத்தில் போகட்டும். மலிவு டிக்கெட்டில் போட்ட பணம் போகும்தான். நீங்கள் எழுதியபடி போக வர 46 யூரோ. அதைக் காப்பாற்றுவதற்காக இரண்டு வருடப் படிப்பின் அனுமதியைப் பணயம் வைப்பார்களா?

தாய்மாமன் சொன்னது

ஜெர்மனியை விட்டு வெளியே போனால் அனுமதி போய்விடும் என்பது பாதி கேட்ட செய்தி. அதே சட்டத்தின் 51-ஆவது பிரிவில், ஒருவர் ஆறு மாதத்துக்குள் திரும்பி வராவிட்டால் குடியிருப்பு அனுமதி தானாகவே காலாவதியாகும் என்று இருக்கிறது. அந்த ஆறு மாதம் வாய்வழியாக வந்து வந்து இரண்டு நாளாகச் சுருங்கியிருக்கிறது. செல்லத்தக்க டி விசாவோ குடியிருப்பு அட்டையோ பாஸ்போர்ட்டோடு இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களை எடுத்தாலும் மொத்தம் 90 நாட்கள் வரை இருக்கலாம். தனி விசா வேண்டாம், யாரிடமும் முன் அனுமதி வேண்டாம், பல்கலைக்கழகத்துக்கும் சொல்ல வேண்டாம். போகிற நாளும் வருகிற நாளும் கணக்கில் சேரும் என்பதால் வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள்.

அங்கே போய் வேலை செய்யக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை மாதிரி நினைவில் வைக்க வேண்டியது. செலவுக்குப் பணம் இருப்பதையும் கேட்டால் காட்ட வேண்டும்; வங்கிச் செயலியைத் திறந்து காட்டினால் போதும். ஷெங்கனுக்குள் இல்லாத நாடுகள் வேறு கதை. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இந்தியர்கள் தனி விசா எடுத்தே தீர வேண்டும். ஐரோப்பாதானே என்று மலிவு விமான டிக்கெட்டைப் பார்த்து வாங்கிவிடக் கூடாது.

ஜெராக்ஸ் போதாது

நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் இருக்கும் அறிவுரைகளிலேயே ஆபத்தானது இதுதான். எல்லை தாண்டும்போது அசல் பாஸ்போர்ட்டும், விசா அல்லது அட்டையும் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நகலுக்கும் போனில் இருக்கும் படத்துக்கும் மதிப்பு கிடையாது.

“ஷெங்கன் என்றால் எல்லையே இல்லையே, போன சீனியர்களிடம் யாரும் கேட்கவில்லையாமே” என்று மகள் சொல்வாள். கல்லாறு சோதனைச் சாவடியில் ஒருநாள் வண்டியை நிறுத்தாமல் விட்டுவிட்டார்கள் என்பதற்காக, வெளியூர்க்காரருக்கு இ-பாஸ் தேவையில்லை என்று ஆகிவிடாது அல்லவா, அதுபோலத்தான் இதுவும். அதுவுமில்லாமல், 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைக் கொண்டுவந்து, அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்து வருகிறது. ட்ரெஸ்டனிலிருந்து பிராக் ரயில் பெரும்பாலும் எல்பே ஆற்றை ஒட்டியே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடும். பாட் ஷாண்டாவ் நிலையத்துக்கு முன்பின் கூட்டாட்சிக் காவலர்கள் ஏறி, பெட்டி பெட்டியாக வருவார்கள். திரும்பி வரும்போதுதான் கெடுபிடி அதிகம். பேருந்து என்றால் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதும் உண்டு. அசல் இல்லாதவரை இறக்கி, நிலையத்தில் உட்கார வைத்து, கணினியில் விவரம் சரிபார்த்து அனுப்பச் சில மணி நேரம் ஆகலாம், கடைசி ரயில் போய்விடும், அபராதமும் வரலாம்.

தொலையாமல் பார்த்துக்கொள்ள வழிகள் இருக்கின்றன. ஜெர்கினின் உள்பக்க ஜிப் பையில் பாஸ்போர்ட். முதுகுப் பையின் முன்னறையில் வேண்டவே வேண்டாம். சார்லஸ் பாலத்திலும், கோட்டைக்குப் போகும் 22-ஆம் எண் டிராமிலும் ஜேப்படிக்காரர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். அட்டை வந்த பிறகு அட்டையும் பாஸ்போர்ட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும், ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். இப்போது விசா பாஸ்போர்ட்டின் உள்ளேயே ஒட்டியிருப்பதால் பாஸ்போர்ட் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். நீங்கள் சொன்ன ஜெராக்ஸ் அப்போதுதான் உதவும்: முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசாப் பக்கம் மூன்றையும் நகலெடுத்துப் பையில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, உங்களிடம் ஒன்று இருக்கட்டும்.

தொலைந்தேவிட்டால், உடனே செக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எழுத்தில் நகல் வாங்க வேண்டும். அடுத்து பிராகில் உள்ள இந்தியத் தூதரகம். அங்கே ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. அவசரச் சான்றிதழ் என்று தருவது இந்தியாவுக்குத் திரும்பி வருவதற்கான ஒருவழித் தாள். ஜெர்மனிக்குப் போக அது உதவாது. “நான் ஜெர்மனியில் படிக்கிறேன், அங்கேதான் திரும்ப வேண்டும்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, புதிய பாஸ்போர்ட்டுக்கான வழியைக் கேட்க வேண்டும். கூடவே ட்ரெஸ்டன் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல்.

ஒரே வீடு, ஆறு பேர்

பதினெட்டு வயது நிரம்பியவர்கள் ஆணும் பெண்ணுமாக ஒரே வீட்டில் தங்குவதை ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. போலீஸ் வந்து கேட்காது. வீட்டுக்காரர் எல்லோருடைய பாஸ்போர்ட் விவரத்தையும் கேட்பார். வெளிநாட்டு விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது செக் சட்டப்படி அவருடைய கடமை. அதைக் கேட்டு மகள் பயப்பட வேண்டாம், நீங்களும் வேண்டாம். விவரத்தை எழுதிக்கொள்ளலாம், அசலை வாங்கி வைத்துக்கொள்ள விடக் கூடாது.

அந்தப் பதிவு அவள் பெயரில், அவள் கார்டில் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி மேசை உடைந்தாலும், இரவு பத்து மணிக்குமேல் சத்தம் போட்டதற்குப் பக்கத்து வீட்டார் புகார் செய்தாலும், ஒருவன் கடைசி நேரத்தில் வராமல் போனாலும் பணம் போவது பதிவு செய்தவருக்கு. அவளே பதிவு செய்வதென்றால், மற்ற ஐந்து பேரின் பங்கும் முன்கூட்டியே அவள் கணக்குக்கு வந்த பிறகு, கடைசி நாள்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய இடமாகப் பார்த்துச் செய்யட்டும். அதைவிட எளிது ஹாஸ்டல். பெண்களுக்கு மட்டுமான அறைகள் பிராகில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொருவரும் தன் படுக்கைக்குத் தானே பணம் கட்டிவிடலாம், உங்கள் மனக்குறையும் அதில் தீரும். ஆனால் இதை யோசனையாகச் சொல்லுங்கள், உத்தரவாகச் சொன்னால் வீட்டையே பதிவு செய்துவிட்டு ஹாஸ்டல் என்று உங்களிடம் சொல்வாள்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதுவது பற்றி. இந்தியச் சட்டப்படியும் ஜெர்மன் சட்டப்படியும் அவள் வயது வந்தவள். கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருப்பதும், தோட்டம் அடமானத்தில் இருப்பதும் வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள விவகாரம்; அவளுடைய பயணத்தின் மேல் அது உங்களுக்கு உரிமை எதையும் தராது. நீங்கள் எழுதினால் பல்கலைக்கழகம் பதில்கூடப் போடாமல் இருக்கலாம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அவள் அங்கே படிக்கிறாளா என்பதைக்கூட அவள் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குச் சொல்ல மாட்டார்கள். கோபத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு “என் மகள் படிக்காமல் ஊர் சுற்றுகிறாள்” என்று எழுதிவிட்டால் அது வேறு மாதிரிப் போய் முடியலாம். படிப்புக்காகத் தந்த அனுமதி, படிப்பு நடக்கிறதா என்று பார்த்துத்தான் நீட்டிக்கப்படுகிறது. உங்கள் கையால் அவள் கோப்பில் அப்படி ஒரு தாள் சேர வேண்டாம். தயவுசெய்து எழுதாதீர்கள்.

பணம்

முடக்கிய கணக்கில் நீங்கள் கட்டிய 11,904 யூரோவைத் தொடவே கூடாது என்று நினைத்திருக்கிறீர்கள். அது வைப்புத்தொகை இல்லை. மாதம் 992 யூரோ வீதம் அவள் செலவுக்கு விடுவிக்கப்படுவதற்காகவே கட்டியது. வாடகை, சாப்பாடு, காப்பீடு போக மிஞ்சுவதை எதில் செலவழிக்கிறாள் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. அனுமதியை நீட்டிக்கும்போது அடுத்த காலத்துக்கான வழிவகையை மறுபடி காட்ட வேண்டும், அவ்வளவுதான். சம்பாதித்துச் சமாளிக்கவும் வழி உண்டு: மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம்.

பணம் உண்மையில் ஓட்டை வழியாகப் போவது பிராகில்தான். அங்கே யூரோ கிடையாது, கொரூனா. கார்டைப் போட்டுப் பணம் எடுக்கும்போது இயந்திரம் ஒரு திரையைக் காட்டும்: “உங்கள் கணக்கில் இத்தனை யூரோ கழிக்கப்படும், சம்மதமா?” சம்மதம் என்கிற பொத்தான் பெரிதாக, பச்சையாக இருக்கும். அதை அழுத்தினால் இயந்திரக்காரர் வைத்த மாற்று விகிதம், கணிசமாக நஷ்டம். “மாற்ற வேண்டாம், கொரூனாவிலேயே கழி” என்பதைத்தான் தேடி அழுத்த வேண்டும். பயந்துவிடக் கூடாது, பணம் வரும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வந்தால் இதே பதில். தெருமூலையில் தனியாக நிற்கும் இயந்திரங்களை விட்டு, வங்கிக் கிளையின் சுவரில் இருப்பதில் எடுக்கட்டும்.

பணமாற்றுக் கடைகளில் “கமிஷன் இல்லை” என்ற பலகையை நம்பி ஏமாந்தாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் செக் நாட்டில் உள்ள விதிப்படி, 1,000 யூரோ மதிப்புக்குள் மாற்றியிருந்தால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போய் அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்யலாம். ரசீதைத் தூக்கி எறியாமல் இருக்க வேண்டும்.

உடம்புக்கு முடியாமல் போனால்

அவள் அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், அந்தக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய காப்பீட்டு அட்டை. செக் நாட்டில் அரசு முறையில் இயங்கும் மருத்துவமனைகளில் அவசியமான சிகிச்சைக்கு அது செல்லும். தனியார் மருத்துவமனைக்கும், நோயாளியை ஜெர்மனிக்குக் கொண்டுவரும் செலவுக்கும் செல்லாது. இந்தியக் குடிமக்களுக்கு இது டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் பொருந்தாது என்பதைப் பலர் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஆண்டு முழுமைக்குமான பயண மருத்துவக் காப்பீடு அதிக விலையில்லை. ஒன்று எடுத்து வைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம். அவளிடம் இருப்பது தனியார் மாணவர் காப்பீடு என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். அவசர உதவிக்கு இரு நாடுகளிலும் 112.

குளிர் பற்றி ஒரு வரி. கோத்தகிரிப் பெண்ணுக்குக் குளிர் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். டிசம்பரில் பிராகில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், நடைபாதைக் கல்லில் தெரியாத பனி படிந்திருக்கும். ஸ்வெட்டர் அல்ல, வழுக்காத ஷூதான் முக்கியம்.

மாணவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது

பையன்களோடு போய் மாட்டிக்கொண்டவர்களைவிட, இந்த மூன்றில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

பட்டாசு. செக், போலந்து எல்லைச் சந்தைகளில் டிசம்பரில் மலிவாகக் குவித்து வைத்திருப்பார்கள். தீபாவளியைத் தவறவிட்ட நம் பிள்ளைகளுக்குக் கை அரிக்கும். ஐரோப்பியத் தர முத்திரையும் அனுமதிக்கப்பட்ட வகைக் குறியீடும் இல்லாத வெடியை ஜெர்மனிக்குள் கொண்டுவருவது வெடிபொருள் சட்டப்படி குற்றம். அந்த வாரங்களில் சுங்கத்துறையினர் தேடுவதே அதைத்தான். நண்பன் வாங்கியதைத் தன் பையில் வைத்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது பைக்குச் சொந்தக்காரி.

கஞ்சா. 2024 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனியில் வயது வந்தவர் 25 கிராம் வரை வைத்திருப்பது குற்றமில்லை. அதே பொட்டலம் எல்லையைத் தாண்டினால், எந்தப் பக்கம் தாண்டினாலும் குற்றம். உங்கள் மகள் தொடமாட்டாள் என்பதை நான் நம்புகிறேன். கூட வருகிற ஐந்து பேரின் பையையும் அவள் அறிந்திருக்க மாட்டாள் என்பதால் சொல்கிறேன்.

டிக்கெட். ஜெர்மனியில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. திரும்பத் திரும்பப் பிடிபட்டால் குற்றப் புகாராகவே போகும். பிராகில் காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் ஒருமுறை முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள்.

12-ஆம் தேதியே போயாக வேண்டும் என்றால்

நண்பர்களுக்கு வேறு வாரம் ஒத்துவரவில்லை என்றால், ஊரை மாற்றிக்கொள்ளட்டும். ஜெர்மனிக்குள் எங்கே போனாலும் எல்லைக் கேள்வியே இல்லை. லைப்சிக், வைமார், எர்ஃபுர்ட், கோர்லிட்ஸ் எல்லாம் ஒரு வார இறுதிக்குப் போதுமான ஊர்கள். எல்லா இடத்திலும் கிறிஸ்துமஸ் சந்தை இருக்கும். ட்ரெஸ்டனிலேயே 1434 முதல் நடந்துவரும் சந்தை இருக்கிறது, அதை முதலில் பார்த்தாளா என்று கேளுங்கள்.

அவளுடைய செமஸ்டர் டிக்கெட் (மாணவர்களுக்கான பயணச் சீட்டு) எதுவரை செல்லும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாடு முழுக்கச் செல்லும் வகை என்றால் ரீஜனல் ரயில்களில் தனிச் செலவே இல்லை. வேக ரயில்களில் மட்டும் ஏறக் கூடாது. அப்படி இல்லையென்றால் சாக்சன் டிக்கெட் என்று ஒன்று உண்டு. சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட், துரிங்கியா மூன்று மாநிலங்களிலும் ஒரு நாள் முழுக்கச் செல்லும், ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம், பயணிகளின் பெயரை டிக்கெட்டில் எழுத வேண்டும். வார நாட்களில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் ஏறலாம். இவர்கள் ஆறு பேர். அந்த ஆறாவது ஆளுக்குத் தனி டிக்கெட் எடுக்காமல், “யார் எண்ணப் போகிறார்கள்” என்று ஏறிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. எண்ணுவார்கள்.

இருப்பிடத்தைப் போனில் எந்நேரமும் பகிர வேண்டும் என்று நீங்கள் போட்ட நிபந்தனைக்கு அவள் கோபப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மன் சிம் செக் நாட்டிலும் கூடுதல் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும், ஆகவே தொடர்பு அறுந்துவிடாது. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அவள் இரவு பத்து மணிக்கு அறைக்குத் திரும்பினால் உங்களுக்கு அதிகாலை இரண்டரை. அந்த நேரத்தில் போன் எடுக்கவில்லை என்று நீங்கள் பதறினால் இரண்டு பேருக்கும் தூக்கம் கெடும். தங்குமிடத்தின் முகவரி, கூடப் போகும் இரண்டு பேரின் எண்கள், ரயில் எண் இவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவள் காலை எழுந்ததும் ஒன்று, இரவு திரும்பியதும் ஒன்று, தினம் இரண்டு செய்தி போதும். இரவுச் செய்தியை நீங்கள் காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம்.